போனை எடுக்காத ஊர்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பதவிகள். இரண்டும் பிறக்கும்போதே கூட வந்தவை. ஒன்று, ஊரில் அவர் கொத்துக்காரர். மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்கு நாள் குறித்துப் பூச்சாட்டுவதிலிருந்து பங்காளிச் சண்டையில் வரப்பு யாருடையது என்று சொல்வது வரைக்கும் அந்த ஆள்தான் முன்னால் நிற்க வேண்டும். இன்னொன்று, அதே கோயிலுக்கு அவர் பரம்பரை அறங்காவலர். இது அரசாங்கக் கணக்கிலும் உண்டு. அவருக்கு அவருடைய அப்பா கொடுத்தது, அந்த அப்பாவுக்கு அவருடைய அப்பா கொடுத்தது. இதற்காக யாரும் பரீட்சை எழுதவில்லை, யாரும் ஓட்டுப் போடவில்லை. யாரும் ராஜினாமா செய்யவும் முடியாது.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஏதோ ஜமீன் குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மாப்பிள்ளை வீட்டார் அப்படி நினைத்துத்தான் பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவிடம் இருந்தது ஒரு பழைய மொபெட், வாடகைக்கு விட்ட இரண்டு குடோன், விற்றது போக மிச்சமிருந்த கொஞ்சம் மானாவாரிக் காடு. வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் நோம்பி வந்துவிட்டால் கதையே வேறு. காரில் வந்து இறங்கும் எக்ஸ்போர்ட் முதலாளிகள்கூட, அப்பா தலையில் பரிவட்டம் கட்டி முடிக்கும்வரை தேங்காய்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

அந்தப் பதவியில் அப்பா சுகப்பட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. பயந்துகொண்டேதான் இருந்தார். நோம்பிக்குக் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் அதன் பிறகு ஊரில் எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஒரு ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு தீப்பிடித்தது. மாவிளக்கில் ஏதோ குறை என்றார்கள். சாயப்பட்டறைகளை மூடக் கோர்ட் சொன்ன வருடம் ஊரே எங்கள் வாசலில் வந்து நின்றது. “போன நோம்பிக்குக் கம்பத்துக்குப் பாலூத்தறப்ப உங்க கை நடுங்குச்சுங்களே, அதனாலீங்களா?” என்று ஒருவர் கைகட்டி நின்று கேட்டார். எங்கள் பக்கத்தில் மரியாதை கொஞ்சமும் குறையாமலே ஒரு மனிதனைச் சாகடித்துவிடுவார்கள். அப்பா “இருக்குமுங்க, இருக்குமுங்க” என்றார். கோர்ட்டுக்கும் அவர் கைநடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். திட்டு எனக்குத்தான் விழுந்தது.

இந்தப் பதவியோடு சேர்ந்து வரும் விதிகள் நிறைய. இங்கே இரண்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

முதலாவது, காப்புக் கட்டிய கொத்துக்காரர் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. முன்பு எல்லை ஒரு வேலமரம். இப்போது அந்த இடத்தில் ஒரு பிரின்டிங் யூனிட்டின் கேட்டும் அதன் முன்னால் ஒரு வேகத்தடையும் இருக்கின்றன. எனக்குப் பல்லடத்தில் பிரசவம் ஆனது நோம்பிக்கு நடுவில். அப்பா வேகத்தடை வரைக்கும் வந்து அம்மாவைப் பஸ் ஏற்றி விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். காப்பு அவிழ்த்த பிறகுதான், மஞ்சள் தண்ணீர் காயாத சட்டையோடு வந்து பேத்தியைப் பார்த்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்தக் கோபம் ரொம்ப வருடம் எனக்குள் இருந்தது.

இரண்டாவது, காப்புக் கட்டிய பிறகு பங்காளிகளில் யாராவது இறந்தால் தீட்டு. அதற்கப்புறம் கம்பத்தைத் தொட ஆளில்லை, நோம்பி அப்படியே நின்றுவிடும். ஆனால் இதில் எங்கள் ஆட்கள் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். சாவு நடப்பதால் தீட்டு வராது, செய்தி காதில் விழுந்தால்தான் வரும். கேட்காதவரைக்கும் யாரும் சாகவில்லை. அதனால் ஏதாவது ஒரு பங்காளி வீட்டில் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால், நோம்பி முடியும்வரை அந்தத் திசையிலேயே யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அப்பாவுக்கு வலது பக்கம் வாதம் அடித்தது. பரிவட்டம் கட்டக் கை தூக்க முடியவில்லை. பதவி தம்பியிடம் வந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். நாங்கள் இரண்டே பிள்ளைகள், நான் மூத்தவள். பெண்ணுக்கு இதெல்லாம் கிடையாது என்பதை யாரும் எனக்குச் சொன்னதுகூட இல்லை, அவ்வளவு தெளிவாக அது எல்லோருக்கும் தெரியும்.

தம்பி திருப்பூர் மண்ணரையில் ஒரு சின்னத் தையல் கம்பெனியை ஜாப் ஒர்க்கில் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் எத்தியோப்பியாவில் ஒரு பெரிய கார்மெண்ட்ஸில் புரொடக்‌ஷன் மேனேஜராக வரச்சொல்லி அவனைக் கூப்பிட்டார்கள். குடும்பத்தோடு போகலாம், விசா அவர்களே எடுப்பார்கள். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த ஊரின் மழை, அங்கே மக்கள் குடிக்கும் காபி என்று எதையாவது போனில் தேடிப் படித்துக் காட்டுவான். ஆனால் கொத்துக்காரர் வெளிநாட்டில் இருக்க முடியாது. ஊரில் ஒரு கல்யாணம், ஒரு சாவு என்றால் முதலில் வந்து நிற்க வேண்டியவர் அவர். அப்பா அதட்டவில்லை. சோறு வேண்டாம் என்றார். மறுநாளும் வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் தம்பி போய் “காப்புக் கட்டிக்கிறனுங்க, சாப்புடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தான். அதன் பிறகு தேவைக்கு மேல் அப்பாவோடு அவன் பேசியதில்லை.

அவன் முதல் காப்புக் கட்டிய வாரத்திலேயே அப்பாவுக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது. திருப்பூரிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் உடனே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோக யார் இருக்கிறார்கள்? தம்பி கையில் காப்பு. பங்காளிகள் எல்லோரும் விரதம். நானோ கல்யாணமாகிப் போன பெண், வேறு குலத்தில் சேர்ந்தவள், என்னால் ஊருக்கு ஒரு தீட்டும் இல்லை. பதவிக்கு ஆகாதவள் ஆஸ்பத்திரிக்கு ஆனேன். ஆம்புலன்ஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது தம்பி பின்னால் ஓடி வந்து அந்த பிரின்டிங் யூனிட் கேட்டில் நின்றுவிட்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஐசியூவில் அப்பாவுக்குக் குழாய் போட்டு மெஷினில் வைத்தார்கள். அன்று சாயந்திரமே ஊரில் சித்தப்பா வேலையை ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா என்றால் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, நோம்பி வேலைகளில் அப்பாவுக்கு வலது கை. காப்புக் கட்டிய வீடுகளின் போன்களையெல்லாம் வாங்கி ஒரு பனியன் அட்டைப்பெட்டியில் போட்டுத் தன் பீரோ மேல் வைத்துக்கொண்டார். என்னிடம் முன்கூட்டியே சொல்லியும் விட்டார்: “அம்மிணி, நல்லதோ கெட்டதோ, புதங்கெழம காப்பு அவுக்கற வரைக்கும் இங்க எதுவும் சொல்லீராதீங்க. உங்களுக்குத் தெரியாததா?” எனக்குத் தெரிந்ததுதான். சரி என்றேன். அந்த நிலைமையில் நல்லது என்று ஒன்று வரும் என்று நானே நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் குழாயை எடுத்தார்கள். அப்பா கண் திறந்தார். குரல் கரகரவென்று, பாதி காற்றாக வந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. பேத்தி பள்ளிக்கூடம் போனாளா என்று கேட்டார். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, “இன்னைக்கு நல்லா இருக்கார், பேசட்டும். இதை வெச்சு நாளைக்கு எப்படின்னு சொல்ல முடியாது. பார்க்க வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிடுங்க” என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

உள்ளே போனதும் அப்பா சொன்னார்: “தம்பிக்குப் போனப் போடு, கண்ணு.”

“நோம்பி நடக்குதுங்கப்பா.”

“தெரியும். மாவெளக்கு இன்னைக்கு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அவனப் போகச் சொல்லோணும். அந்த வெளிநாட்டுக்கு.”

எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது. திரும்பக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “சோறு திங்காமக் கெடந்து வாங்குனது அது. வாங்குனது தப்பு. இங்க படுத்திருக்கையில அதேதான் மனசுல ஓடுது. என்ர பயத்த அவந்தலையில தூக்கி வெச்சுட்டேன். நோம்பி முடியட்டும், பட்டத்தச் சித்தப்பங்கிட்டக் குடுத்துட்டு அவம் போகட்டும்.”

“நான் சொல்லிடறனுங்கப்பா. நீங்க பேசாதீங்க.”

“நீ சொன்னா ஆகாது. குடுத்தவன் வாயால சொன்னாத்தான் அவன் எறக்கி வெப்பான். நடுவுல ஆள் வெச்சுச் சொல்றது இல்ல இது.”

அப்பாவின் வாழ்நாளில் அந்தப் பதவியைப் பற்றி அவர் ஒரு குறை சொல்லி நான் கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது, கூடவே அவசரமும் வந்தது. எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியாது. போனை எடுத்துக்கொண்டு காரிடாருக்கு ஓடினேன்.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். போனை எடுக்காதவர்களைத் துரத்திப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. சாயம் போடுகிறவர், எம்ப்ராய்டரிக்காரர், பட்டன் சப்ளையர், எல்லோருமே ஷிப்மெண்ட் நெருங்கினால் போனை எடுக்க மாட்டார்கள். அவர்கள் சம்சாரத்தின் நம்பர், மச்சான் நம்பர், டீக்கடை நம்பர் என்று எதையாவது பிடித்து ஆளை லைனில் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு. சொந்த ஊர் என்னிடம் மாட்டாமலா போய்விடும் என்று நினைத்தேன்.

தம்பிக்கு அடித்தேன். அவன் வைத்திருந்த அம்மன் பாட்டு முழுக்கப் பாடிவிட்டு நின்றது. தம்பி பெண்டாட்டிக்கு அடித்தேன். சித்தப்பாவுக்கு அடித்தேன். மறுபடி தம்பி. பெட்டிக்குள் ஒவ்வொன்றாக அலறிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தும் அடித்தேன். ‘அப்பா நல்லா இருக்கார், தம்பிகிட்ட ஒரு நிமிஷம் பேசணுமாம்’ என்று எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினேன். ஒருவரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்கா பங்காளி இல்லை, அவர் போன் பெட்டிக்குப் போயிருக்காது என்று ஞாபகம் வந்தது. எடுத்தார். என் குரலைக் கேட்டதும் “ஐயோ சாமி” என்று ஒரு மூச்சு, அதோடு கட்.

நர்ஸிடம் கெஞ்சி அவர் போனை வாங்கி, கோயில் ஆபீஸ் போனில் அங்கே உட்காரும் பங்காளிப் பெரியப்பா ஒருவரைப் பிடித்தேன். தெரியாத நம்பர் என்பதால் எடுத்துவிட்டார்.

“யாருங்க?”

“பெரியப்பா, நான்தானுங்க. கொத்துக்காரர் மகளுங்க. அப்பா...”

“ராங் நம்பருங்க” என்றார். என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டிய மனிதர். மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. போனை எடுத்திருந்தாலும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் யாரும் சாவை நேராகச் சொன்னதே இல்லை. ‘ஒண்ணுமில்லீங்க, பாக்கோணும்னு ஆசைப்படறாரு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க’ என்றுதான் ஆள் அனுப்புவார்கள். போய்ப் பார்த்தால் பந்தல் போட்டிருக்கும். நான் காலையிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்த மெசேஜ், வார்த்தைக்கு வார்த்தை அதே மாதிரிதான் இருந்தது. அப்பா உயிரோடு இருக்கிறார், பேச ஆசைப்படுகிறார் என்ற உண்மையைச் சொல்ல எங்களிடம் வேறு வாசகமே இல்லை.

ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் அப்பா என் கையிலிருந்த போனைப் பார்த்தார். “எடுக்கலீங்க” என்றேன். தலையை ஆட்டினார். “எடுக்க மாட்டான். நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. பையன் சரியாகச் செய்கிறான் என்ற பெருமை. எனக்கு அந்த நேரத்தில் அவரை உலுக்கவேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிடமே, “இன்னொருக்கா போட்டுப் பாரு” என்றார்.

சரி, வாய்ஸ் மெசேஜாகப் பேசிவிடுங்கள், உங்கள் வாயாலேயே அவன் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று போனை அவர் வாய் அருகில் பிடித்தேன். அப்பா வெறும் போனைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். வாழ்நாள் முழுக்க மைக்குக்கு முன்னால் மட்டுமே நின்றவர். “ஊர்ப் பொதுமக்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க” என்று ஆரம்பித்தார். “ஆத்தாளோட நோம்பி எந்தக் கொறையுமில்லாம நல்லபடியா நடக்கோணும்...” இருமல் வந்தது. “அப்பா, தம்பிகிட்டப் பேசுங்க” என்றேன். “எங்க இருக்கான் இதுல? ஆளில்லாம எப்படிப் பேசறது?” என்று போனைத் தள்ளிவிட்டார். களைத்துப்போயிருந்தார். நான் வற்புறுத்தவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவர் மூச்சு வேகமாகிக்கொண்டே வந்தது. நானே ஊருக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். போக வர எவ்வளவு நேரம், அதற்குள் இங்கே ஏதாவது ஆனால் என்ன செய்வது? என் வீட்டுக்காரர் பல்லடத்தில் தறிப்பட்டறையில் இருந்தார். அவர் மாப்பிள்ளை, அவர் போய் நின்றாலே ஊர் சாவு என்று முடிவு கட்டிவிடும். யாரைப் பிடிப்பது? அப்போதுதான் தம்பி கம்பெனியின் சூப்பர்வைசரை நினைத்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வருடக்கணக்காக மண்ணரையில் இருக்கும் பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். எங்கள் தீட்டு எதுவும் அவளுக்கு ஒட்டாது. முதல் மணியிலேயே எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“இதுக்கா இம்புட்டு நேரம் கஷ்டப்பட்டிய? நான் போயி போனக் கையில குடுத்துட்டு வாரேன், அக்கா” என்றாள்.

அவள் நல்லூர் வந்து பஸ் மாறி ஊருக்குப் போய்ச் சேரும்வரை நான் ஐசியூ கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சாயந்திரம் அவள் கூப்பிட்டாள். பின்னால் மேளச் சத்தம். லைனை அப்படியே வைத்துக்கொண்டு நடக்கிறேன் என்றாள். நான் உள்ளே ஓடிப்போய் அப்பாவின் காதோரம் போனை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டேன். மேளத்தைக் கேட்டதும் அவர் இடது கை விரல்கள் படுக்கை விரிப்பின் மேல் லேசாக ஆடின.

சித்தப்பாவின் குரல் கேட்டது. “அம்மிணி, நீங்க எங்க வந்தீங்க? மாவெளக்கு வர்ற நேரமுங்க.”

“ஐயா, பெரியவங்க லைன்ல இருக்காவ. சார்கிட்ட ஒரு வார்த்த பேசணுமாம்.”

“பேசுவாருங்க, பேசுவாருங்க. நாளைக்குப் பேசிக்கலாமுங்க.”

“உசுரோட இருக்காவய்யா.”

“அப்படித்தானுங்க சொல்லோணும்” என்றார் சித்தப்பா, ரொம்பப் பதமாக, அழப்போகிறவர் குரலில். சாவைப் பக்குவமாக மறைக்கிறாள் என்று அவளை அவர் பாராட்டுகிறார் என்றே எனக்குத் தோன்றியது.

நான் போனுக்குள் கத்தினேன். “சித்தப்பா, நெசமாலுமே அப்பா இங்கதான் இருக்காரு, கேட்டுட்டு இருக்காரு.” அப்பாவும் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அந்த மேளத்துக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? சித்தப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு போய்விட்டார் என்று சூப்பர்வைசர் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சார் கம்பத்துக்கிட்ட நிக்காவ. என்னையப் பாத்துட்டாவக்கா” என்றாள். கொஞ்ச நேரம் மேளம் மட்டும் கேட்டது. “போன உசத்திக் காட்டுனேன். ரெண்டு எட்டு இங்கிட்டு வந்தாவ. அப்புறம் நின்னுட்டாவ. அழுதாவ... திரும்பிட்டாவக்கா.”

நான் லைனைத் துண்டித்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் அழுவார் என்று பயந்தேன். “மேளம் நல்லா அடிக்கறாங்க” என்றார். அதற்குப் பிறகு, “புதங்கெழம ஆகட்டும்” என்றார். அவருக்கு நாளை என்ற ஒன்று இருக்கிறது என்று நம்ப நானும் ரொம்ப முயன்றேன். அதற்கு மேல் ஒருமுறைகூட நான் போன் போடவில்லை. போட்டு என்ன ஆகப்போகிறது?

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் அவர் போய்விட்டார்.

இப்போதுதான், ஊர் எந்தச் செய்திக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்ததோ அது என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்ததும், “ஊருக்கு எப்படியாச்சும் சொல்லீரலாமா?” என்று கேட்டார். ஆத்திரத்தில் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நேரே போய், மைக்கைப் பிடுங்கி, எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். நோம்பி நிற்கட்டும். ஆனால் முதல் நோம்பியே நின்றுபோன கொத்துக்காரன் என்ற பேர் தம்பிக்குத்தான் வரும். அவன் எத்தியோப்பியாவில் இருந்தாலும் அது அவனை விடாது. “வேண்டாம், காப்பு அவுக்கட்டும்” என்றேன். பகல் முழுக்க ஆஸ்பத்திரிக் கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். யாரோ வாங்கிக்கொடுத்த இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டு, காப்பை அவிழ்த்தவுடன் தம்பி கூப்பிட்டான். இன்னும் மேளம் ஓயவில்லை. கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டியிருந்தது.

“அக்கா, நேத்து மத்தியானமே போயிட்டாருங்களா?”

“இல்ல சாமி. இன்னைக்கு விடியக்காலம்.”

“அப்ப நேத்து அந்தப் பொண்ணு வந்தப்ப...” என்றான்.

“உசுரோடதான் இருந்தாரு. உன்கிட்டப் பேசோணும்னு போனக் காதுல வெச்சுட்டு இருந்தாரு.”

அவன் அழுததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அப்பா என்ன சொல்ல நினைத்தார் என்பதை, காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவனிடம் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். வாதம் வந்த வருடம் அவனைக் கூப்பிட்ட கம்பெனி அப்போதும் அந்த இடத்தை நிரப்பவில்லை, இரண்டு தடவை போன் செய்திருந்தார்கள். சித்தப்பா பதவியை வாங்கிக்கொள்வார், அவரிடம் நானே பேசுகிறேன் என்றேன். அவன் நம்பினான். நீ பொய் சொல்கிறாய் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. அந்த வாய்ஸ் மெசேஜைப் போடச் சொன்னான். அப்பா ஊர்ப் பொதுமக்களுக்கு வணக்கம் சொல்லி, நோம்பி நல்லபடியாக நடக்க வேண்டும் என்று இருமுவதைக் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“போடா தம்பி. அவரே விட்டுட்டாரு” என்றேன்.

“அவர் கூப்புட்டப்ப, இந்தப் பட்டம் கெடக்கூடாதுன்னுதானக்கா நான் திரும்பி நின்னேன்” என்றான். குரலில் கோபமே இல்லை. “இப்ப இதையும் வேண்டாம்னு எறக்கி வெச்சுட்டா, அன்னைக்கு நான் எதுக்குத் திரும்பி நின்னேன்?”